நிப்பாட்டாத

பதினோரு வருசமாய் இந்த ரோட்டில் ஆட்டோ ஓட்டுகிறேன்.
அன்புவழிபுரத்தில் கிக்கரை உதைத்தால்
கிண்ணியாப் பாலத்துக்கு இத்தனை நிமிடம்,
மூதூருக்கு இத்தனை என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
இன்றைக்கு மட்டிக்களி தாண்டவே
அரை மணித்தியாலம்.

பின் சீற்றில் நாற்பத்துநாலு நாள் ஆள் ஒருத்தி.
நாலு கிலோ இருநூறு.
ஏழு பை சீமெந்து ஏற்றிய நாளிலும்
வண்டி இவ்வளவு பாரமாய் இருந்ததில்லை.

ஸ்பீக்கர் வயரை நேற்றே கழற்றிவிட்டேன்.
நிரோஜினியின் காலடியில் பிளாஸ்க், கிளினிக் கொப்பி,
வேப்பிலை சுற்றிய பாக்குவெட்டி,
இருபத்தாறு நப்கின்
(இரண்டு நாளுக்கு, இருபத்தாறு!)
சீனக்குடாவில் மாவாலை லொறி ஒன்று
முதுகுக்குப் பின்னால் ஹோர்ன் அடித்தது.
இறங்கி அடிக்கலாம் போல் வந்தது.
பிறகு நினைத்தேன்:
எத்தனை பிள்ளைகளுக்குப் பக்கத்தில்
நானும் இப்படி அடித்திருப்பேன்.

கிண்ணியாப் பாலம். தார் பிளந்த பொருத்துகள்
டக், டக் என்று சில்லுக்குக் கீழே.
வாழ்நாளில் முதல் தரம் அவற்றை எண்ணினேன்.
இரண்டு பக்கமும் கடல், வெயில், தோணி.
மகள் எதையும் பார்க்கவில்லை,
வாயைத் திறந்தபடி உறக்கம்.

தயிர் வாங்க நின்றேன். எஞ்சினை நிறுத்தின கணம்
தொடங்கியது அலறல்.
முகம் கறுத்து, மூச்சு நின்று, பிறகு மறுபடியும்.
தயிர்க்கடை உம்மா எட்டிப் பார்த்தா.
“எஞ்சினைப் போடுங்க தம்பி. இது ஓடுற புள்ள.”
போட்டேன். அடங்கிவிட்டாள்.
உருளுகிற வண்டிக்குள் சட்டியை நீட்டி
“காசு திரும்பி வாறப்போ” என்றா.

ஒன்பது மாதமும் இந்த வண்டியில்தான்
நிரோஜினியை வேலைக்கு ஏற்றி இறக்கினேன்.
என் குரலுக்கு முதலே
என் எஞ்சினைக் கேட்டிருக்கிறாள்.

கங்கைப் பாலத்துக்கு அப்பால் எருமைக் கூட்டம்.
நிற்க முடியாது.
எருமைகள் கடக்கும் வரை
நடுரோட்டில் வட்டமடித்தேன்.
மாடு மேய்க்கிறவன் சிரித்துக்கொண்டே
என்னைத்தான் முதலில் ஓட்டிப் போயிருப்பான்.

சம்பூரில், படலையடியில், லோஜி அக்கா
ஆலாத்தித் தட்டோடு.
ஊரை விட்டு ஒருதரம் கிளம்பி
மீண்டு வரப் பத்து வருசமானவள்.
திரும்பிவந்த நாளிலிருந்து
இறால் பாலத்துக்கு அங்கால் அடி வைத்ததில்லை.
என் கலியாணத்துக்கு வரவில்லை.
ஆஸ்பத்திரிக்கும் வரவில்லை.
“நீ கொண்டுவா” என்றாள் போனில், அவ்வளவுதான்.

எஞ்சினை நிறுத்தினேன். அலறல்.
தோளில் போட்டோம், ஏணையில் போட்டோம்,
மச்சான் விசில் அடித்துப் பார்த்தார்,
பக்கத்து வீட்டு நாயும் சேர்ந்துகொண்டது.
சோறு ஆறியது. நண்டுக்கறியில் ஆடை படிந்தது.

அக்கா தட்டை மதிலில் வைத்தாள்.
பிள்ளையை வாங்கிக்கொண்டு ஏறி இருந்தாள்.
“ஓடு.”

பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி மூன்று தரம்.
காளி கோயில் வீதி. திரும்பவும் மைதானம்.
குடும்பமாய்ச் சந்தித்தது முழுக்க
பின் சீற்றில்தான் நடந்தது.
“காது எங்கட பக்கம்.
மூக்கு உன்ட மனிசியின்ட.
வாய் மட்டும் ஆருடையதெண்டு தெரியேல்ல.”
ஒவ்வொரு விரலாய் விரித்து
நகம் வெட்டவில்லை என்று நிரோஜினியை ஏசினாள்.

பேச்சில் கட்டைபறிச்சான் வந்துவிட்டது.
முன்னால் பாலம்.
கண்ணாடியில் அக்காவைப் பார்த்தேன்,
குனிந்த தலை, நடு வகிடு, நரை.
பிறேக்கில் கால் மெல்ல அழுந்தியது.
பிள்ளை ஒருதரம் சிணுங்கினாள்.

“நிப்பாட்டாத” என்றாள் அக்கா,
நிமிராமல்.

பாலம் முடிந்தது.
உப்புக் காற்று, ஒரு கொக்கு, மூதூர் ரோட்டு.
பெற்றோல் முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.