எண்ட்ரி 2

பென்டிரைவில் அதன் பெயர் எண்ட்ரி 2.
எண்ட்ரி 1 ஒன்று இருக்கிறது, யாரும் கேட்பதில்லை.
இதைத்தான் கேட்பார்கள்:
முதலில் ரைஸ்மில் ஓடுகிற மாதிரி அடியில் ஓர் உறுமல்,
அப்புறம் எக்காளம் மூன்று படி ஏறும்,
ஏறி நின்று
தடாலென்று விழும்.
பின்னால் முரசு.

யார் போட்டது, எந்த ஊர், தெரியாது.
சிராவயலில் மாடு அவிழ்க்கையில் போட்டிருக்கிறேன்
(மாடு மிரண்டு தொழுவுக்கே திரும்பியது).
செக்காலை ரோட்டில் அடகுக்கடை ஷட்டர் தூக்க,
வார்டு வேட்பாளர் ஆட்டோவிலிருந்து இறங்க.
அவர் செருப்பைத் தேடியதால் இரண்டு தடவை.
லோக்கல் கேபிளில் ஒரு குக்கர்
இதே சத்தத்தோடு புகைக்குள்ளிருந்து எழும்.
காதுகுத்துக்கும் போட்டேன்,
பிள்ளை எக்காளத்துக்கு மேலே ஒரு கட்டை ஏறி அழுதது.

புதுவயல் மண்டபத்தில் தேனம்மை கல்யாண வரவேற்பு.
வீடியோக்கார ஆரோக்கியம் கட்டைவிரல் காட்டினார்.
புகை விட்டாயிற்று. கதவு திறந்தது.
ஒன்று.
இரண்டு.
மூன்றாவது படியில் கால் வைக்கும்போது
கரண்ட் போனது.

ஜெனரேட்டர்காரர் பீடி குடிக்கப் போயிருந்தார்.
எழுநூறு பேர் இருட்டில்,
வந்த தும்மல் மூக்கிலேயே நின்ற மாதிரி.
பந்திப் பக்கமிருந்து ஒரு பையன்
'பா... பாம்!' என்றான்.
அவ்வளவுதான்.
நாற்காலி முதுகு, தாம்பாளம், சாம்பார் வாளி,
டொம் டம் டொம் டம் டொம் டம்.
ஒருத்தரும் தாளம் தப்பவில்லை.
எங்கே கற்றார்கள்? குக்கரிடமா?
செல்போன் வெளிச்சத்தில் தேனம்மை சிரித்துக்கொண்டே நடந்தாள்.
மாப்பிள்ளை சாத்தப்பன் கூலிங்கிளாசைக் கழற்றிவிட்டு
படி எங்கே என்று தடவினார்.

பதினொரு மணிக்கு வயர் சுற்றிக்கொண்டிருந்தேன்.
நகையெல்லாம் கழற்றிவிட்டு,
கையில் தண்ணீர் பாட்டிலோடு வந்து நின்றாள்.
"அண்ணே, அதுக்கப்புறம் என்ன வரும்?"
"எதுக்கப்புறம்?"
"அந்த முரசுக்கு. பாட்டு அதோட முடியாதுல்ல?"

பதினாலு வருஷமாகப் போடுகிறேன்.
வெட்டிக் கொடுத்தவன் திருப்பூர் போய்விட்டான்.
"எங்கிட்ட இருபத்தோரு செகண்டுதாம்மா இருக்கு."
சரி என்று தலையாட்டினாள்.
உடனே போகவில்லை.

கணக்கு முடிக்கையில், சவுண்டு நின்றதற்கென்று
ஐநூறு பிடித்துக்கொண்டார் அவள் பெரியப்பா,
நோட்டை எண்ணி முடிக்கும்வரை
இன்னொரு கையால் மேசையில்
அதையே தட்டிக்கொண்டு.