ஒன்பதாம் பக்கம்

பெறுபேறு வந்த இரவு
கரவெட்டியில் எங்கள் வளவில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம்
கிணற்றடிக்குப் பின்னால்,
தண்ணீர்த் தாங்கிக் கட்டின் உச்சி.
அதில் ஏறி நின்று
நிதுர்சனாவின் சுட்டெண்ணை அடித்தேன்.
என் அடையாள அட்டை இலக்கம் இன்னும் எனக்குப் பாடமில்லை.
அவளின் சுட்டெண் நித்திரையிலும் வரும்.

வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டேயிருந்தது.
கீழே நின்றவள் ஒன்றும் கேட்கவில்லை,
செருப்பில்லாத காலால் மண்ணைக் கிளறினாள்.

அந்த நேரத்தில் எனக்கு
வல்லை வெளி ஞாபகம் வந்தது.

செவ்வாயும் வெள்ளியும்
அப்பாவை இரத்தம் சுத்திகரிக்கப்
பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போன காலம்.
எழுநூற்றைம்பதாம் இலக்க பஸ்.
யன்னல் பக்கம் அவள்,
அவளின் தோளில் அப்பாவின் தலை,
மடியில் சேதன இரசாயன ரியூட்.
வல்லை வெளியில் காற்றுக்கு மரியாதை தெரியாது.
ஒன்பதாம் பக்கத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.
"ஐயோ" என்றாளாம். அவ்வளவுதான்.
அப்பா முழித்துவிடுவார் என்று
கையைக்கூட நீட்டவில்லையாம்.

அன்று பின்னேரம்
கல்லரிந்த கையைக் கழுவாமலே
சைக்கிளை உழக்கிக்கொண்டு அங்கே போனேன்.
உப்புப் பூத்த சேற்றில், உமிரிக்குள்,
ஒரு பழைய லொத்தர் சீட்டும்
யாரோ ஒருவரின் கலியாண அழைப்பிதழும் கிடைத்தன.
பென்சீன் வளையம் கிடைக்கவில்லை.

திரும்பி வந்தால்
ஒன்பதாம் பக்கத்தை நினைவிலிருந்து
எழுதிக்கொண்டிருக்கிறாள்.
"ரண்டு இடம் விடுபட்டுப் போச்சு அண்ணா" என்றாள்,
என்னிடம் கடன்பட்டவள்போல.

பௌதிகத்துக்கு மாதம் நூற்றிருபது கல்.
உயிரியலுக்கு நூற்றைம்பது.
என் கணக்கு அப்படித்தான் ஓடியது.
மழை பெய்தால் கல் காயாது.
எந்தப் பாடத்தின் மேல் பெய்கிறதென்று
மழைக்குத் தெரியுமா?

சோதனைக்கு ஐம்பது நாள் இருக்க
அப்பா போனார்.
அந்தியேட்டிக்குக் கீரிமலை போய் வந்த
ஈரத் தலையோடு
நெல்லியடிக்கு வகுப்புக்குப் போனவளை
ஊர் ஒருமாதிரிப் பார்த்தது.
அம்மா ஊரைப் பார்த்த பார்வையில்
ஊர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

வட்டம் நின்றது.
உயிரியல் ஏ. இரசாயனம் ஏ. பௌதிகம் ஏ.
மாவட்ட நிலை பத்தொன்பது.
மூன்று தரம் மனதுக்குள் வாசித்தேன்,
நாலாம் தரம் அயலுக்கெல்லாம் கேட்க.
"இறங்கு அண்ணா, விழப்போறாய்."
அதுதான் அவள் சொன்ன முதல் வார்த்தை.

அம்மா தேங்காய் துருவியபடியே கேட்டார்,
"பாஸோ?"
"பாஸ் இல்லையம்மா. மூண்டு ஏ."
துருவலை நின்றது.
பிறகு மற்றப் பாதியை எடுத்து
அதையும் முழுக்கத் துருவி முடித்து
அதன் பிறகுதான் அழுதார்.

விடிய, கிழமைக் காசுக்கு வந்தான் கம்பனிப் பொடியன்.
சொன்னோம்.
"கனக்கச் சந்தோசம்" என்றான், உண்மையாகவே.
காசை எண்ணி, ஐம்பது ரூபா குறையுது என்றான், அதுவும் உண்மை.
அம்மா சீனிப் பேணிக்குள் கையை விட்டு எடுத்துக் கொடுத்தார்.
படலை வரை போனவன் திரும்பி வந்து
சட்டைப் பையிலிருந்த பேனையை
அவளிடம் நீட்டிவிட்டு
மோட்டார் சைக்கிளை உதைத்தான்.

நானும் சாதாரண தரத்தில்
ஏழு ஏ எடுத்தவன்.
இதை இங்கே எழுத வேண்டியதில்லை.
எழுதிவிட்டேன்.

நேற்று அவளுக்குச் சப்பாத்து வாங்க
அதே பஸ்ஸில் பட்டினம் போனோம்.
எங்களுக்கு முன்சீற்றில்
முன்பின் தெரியாத ஒருவர் வாயைத் திறந்தபடி நித்திரை.
அவரின் பிடரியையே
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
வல்லை வெளி வந்ததும்
நான் யன்னலைச் சாத்தப் போனேன்.
"விடு" என்றாள்.
காற்று அவளின் பின்னலைக் குலைத்தது.

"அண்ணா, அந்த விடுபட்ட ரண்டு இடத்தில
ஒண்டு சோதனைக்கு வந்தது."
"எழுதினியோ?"
"எழுதினன். பிழையாத்தான்."

பாலம் கடக்கும்வரை சிரித்தாள்.