விளி

லியோந்தோபோலிஸ். கல்வெட்டுக்காரன் கொட்டகை.
எழுத்துக்கு இவ்வளவு என்றான் ஹெராக்கோன்,
மெழுகுப் பலகையைத் தொடையில் ஏந்தி.
"பையன் பெயர்?"
"எலிஷாமா."
"ஷ எங்களிடம் இல்லை. ஸ போடுகிறேன்."
அதற்காக விலையைக் குறைக்கவில்லை.
பொருள் கேட்டான்.
"என் தெய்வம் கேட்டது."
எதை என்று அவன் கேட்கவில்லை.

கால்வாய்ச் சுங்கத்தில் ரசீது எழுதுகிறவன் நான்.
பெயர்களின் வாலைத் திருகுவதே பிழைப்பு:
கட்டியவன் என்றால் ஒரு வால்,
அவனுடைய கழுதை என்றால் வேறு,
அவனுக்குப் பாக்கி என்றால் இன்னொன்று.
என் பெயரும் அந்த ரகம். தோசிதேயோஸ்.
எந்தப் பக்கம் இழுத்தாலும் வளையும்.
எங்கள் பழைய பெயர்கள் வளையாது.
முன்னால் ஒரு குட்டிச் சொல் ஓடிவந்து
இன்னாருடைய, இன்னாருக்கு என்று
சொல்லிவிட்டுப் போகும்.
பெயர் அசையாது,
பாலத்தில் நின்றுவிட்ட கழுதை மாதிரி.

"கடைசியில் ஒரு ஸ் சேர்க்கலாம்" என்றான்.
"எலிசாமாஸ். ஒழுங்காக வளையும்.
இப்படியே விட்டால் பெண்பிள்ளை என்பார்கள்."

ஒன்பது வயதுவரை எதற்கும் வளையாதவன்.

சரி என்றேன்.
ஊரோடு ஒத்துப்போக நாங்கள் கொடுத்தவற்றில்
ஓர் எழுத்தின் காசு பெரிதில்லை.

உளி எடுக்குமுன் படித்துக் காட்டினான்.
இங்கே இறந்தவரைக் கூப்பிட்டுத்தான் எழுதுவது:
தோசிதேயோஸ் பெற்ற எலிசாமா,
காலத்துக்கு முன் போனவனே, போய்வா.

"ஸ் எங்கே?"

"கூப்பிடும்போது அது விழுந்துவிடும்"
என்று ஒரு காசைத் திருப்பித் தந்தான்.
இத்தனை வருஷம் வால் திருகியவன்,
இது எனக்குத் தோன்றவில்லை.

ஷெலோமித் அதுவரை வாய் திறக்கவில்லை.
"கடைசி எழுத்து?" என்றாள்.

அயின். தொண்டைக்குழியின் அடியில் பிறப்பது.
கிரேக்கத்தில் அதற்கு உருவும் இல்லை, ஒலியும் இல்லை.
சொல்லிக் காட்டச் சொன்னான் ஹெராக்கோன்.
அவள் சொன்னாள்.
எலிஷாமா வரை வந்தது.
அதன்பின் வரவேண்டியது
அங்கேயே நின்றது.

ஈ ஒன்று கல்லில் உட்கார்ந்து எழுந்தது.
அவன் காத்திருந்தான், நான் நினைத்ததைவிட அதிக நேரம்.

மறுவாரம் போய்ப் பார்த்தோம்.
பெயருக்குப் பின் ஒரு விரற்கடை
செதுக்காமல் விட்டிருந்தான்.
இடம் போதாமல்
போய்வா இரண்டாய் உடைந்து
பாதி கீழ்வரியில் கிடந்தது.