மைனஸ் எண்பது

இரவு இரண்டே காலுக்கு உறைபெட்டி எனக்குப் போன் செய்கிறது.
ஆம், பெட்டிதான்.
என் எண் அதற்குத் தெரியும். வாய் கிடையாது,
ஒரே பீப்.

சாஸ்கட்டூனில் வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
கார் இருமி இருமி எழுந்தது.
பாலத்துக்குக் கீழே ஆறு புகைந்தது.
இறங்கி நடக்கையில் மூக்கு மயிர் விறைத்துக் குத்தியது.
பெட்டிக்குள் இருப்பவற்றுக்கு இது
சித்திரை வெயில்;
இங்கே கொண்டுவந்து வைத்தால் மெல்லச் சாகும்.

சாகும் என்பது சரியா?
உயிரா இல்லையா என்று
யாரும் இன்னும் எனக்குத் தீர்த்துச் சொல்லவில்லை.

முன்னூற்றுப் பன்னிரண்டு குப்பிகள்.
அரை அரை மில்லியில் கோடிக்கணக்காய்ச்
சளிபிடிக்கும் வைரஸ், பெருகும் வித்தையை
நாங்கள் வெட்டி எடுத்தது.
பூட்டுத் திறக்கும் கையை மட்டும் திருடனுக்கு விட்டுவைத்து
மடியில் ஒரு துண்டுச்சீட்டு செருகினோம்.
கட்டியின் அங்க அடையாளம்:
இவனைக் கண்டால் விடாதே.

அன்னத்தை, கிளியை, மேகத்தை,
பணத்தைக்கூடத் தூது விட்ட மொழி என்னுடையது.
இதை அனுப்ப எனக்கென்ன கூச்சம்.

ஆனால் தூதனை வாசலிலேயே அடித்துப்போடும் வீடுகள் உண்டு.
ஒப்பிட்டுப் பார்க்க ஒக்ஸானா தன் ரத்தம் கொடுத்தாள், நானும்.
என் ரத்தம் சீட்டைப் பிரிக்கவே விடவில்லை.
ஏழு வயதில் வந்த ஏதோ ஜலதோஷம்;
நான் மறந்துவிட்டேன்,
அது மறக்கவில்லை.
அதனால்தான் இப்போது சிம்பன்ஸியின் வைரஸ்,
தெருவில் யாரும் பார்த்திராத முகம்.

பதினேழாம் எண்காரரை நான் பார்த்ததில்லை,
பார்க்கவும் கூடாது.
நர்ஸ் வாய்தவறிச் சொன்னது இவ்வளவுதான்:
தோலில் தொடங்கி நுரையீரலுக்குப் போய்விட்டது,
மூஸ் ஜா பக்கமிருந்து தானே ஓட்டி வருகிறார்,
பருப்பு விளைவிப்பவர்.
நேற்று நான் கடைந்த மைசூர்ப் பருப்பு
அவர் வயலாக இருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.

முதல் ஊசி போட்ட ராத்திரி
அவருக்கு முப்பத்தொன்பது காய்ச்சல், கட்டில் ஆட நடுக்கம்.
சீட்டு போய்ச் சேர்ந்தது என்று
ஆய்வகத்தில் மூன்று பேர் கைதட்டினோம்.
பிறகு கொஞ்ச நேரம்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை இரண்டாம் ஊசி.
இரண்டு கையுறைக்குள்ளும் விரல் மரத்து
அடுக்கடுக்காய்ப் பக்கத்துப் பெட்டிக்கு மாற்றுகிறேன்.
கதவைச் சாத்தி எண்ணைப் பார்த்து நிற்கிறேன்.
எழுபத்தொன்று.
எழுபத்திரண்டு.
இறங்கு, இறங்கு.