நூறு சதவீதம்

செக்காலை ரோட்டு மருந்துக்கடை ஷட்டரை
இழுத்துப் பூட்டும்போது மணி பத்தேகால்.
பதினொன்றுக்கு நான் ஆறாயிரம் அடியில் இருப்பேன்.

ஜாய்ஸ்டிக் பழசு. திருச்சியில் வாங்கியது, மூன்றாம் கை.
ஸ்பிரிங் தளர்ந்துபோய்,
மாத்திரைக் கட்டுக்குப் போடுகிற ரப்பர் பேண்டை
நாலு சுற்றுச் சுற்றிவைத்திருக்கிறேன்.
இடப்பக்கம் கொஞ்சம் இழுக்கும்.
நிஜ விமானமும் அப்படித்தான் இழுக்குமாம்,
முன்விசிறி சுழலும் திசைக்கு எதிரே.
என் பழுதும் ஒரு துல்லியம்தான்
என்று சொல்லிக்கொள்வேன்.

வல்லூறுக்கு இந்தச் சமாதானமெல்லாம் ஆகாது.
'தேவகோட்டையில் மழை, லைன் அறுந்தால் கோபிக்காதீங்க'
என்று ஒருநாள் சொன்னதில் ஊர் தெரிந்தது.
காதுக்குள் ஓயாமல் பேசுகிறவன்.
காலுக்கு பெடல், குலுங்குகிற நாற்காலி,
தொப்பியில் மூன்று விளக்கு:
தலை திரும்பினால் திரையும் திரும்பும்.
"எதிரி தலைக்குமேல பேரு எழுதிக் காட்டுற ஆட்டம்
பச்சப்புள்ளைகளுக்கு.
எஞ்சின் கொதிக்கணும். குண்டு தீரணும்.
இழுத்துத் திருப்பினா கண்ணு இருட்டணும்.
நூறு சதவீதம். ஒண்ணு குறைஞ்சாலும் நான் வரல."
நான் மைக் வைத்துக்கொள்வதில்லை.
'சரி' என்று தட்டுவேன்.
கீரி என்ற பெயருக்குப் பின்னால்
ஒரு மதுரைப் பையனை
அவனாகவே உட்காரவைத்துக்கொண்டான்.

பதினோரு முறை அவனிடம் செத்தேன்.
ஏழாவது சாவில்தான் புரிந்தது,
அவன் எண்களைப் பார்த்து ஓட்டுகிறான்.
எந்த வேகத்தில் இறக்கை காற்றைக் கைவிடும்,
எந்த உயரத்தில் எஞ்சினுக்கு மூச்சு வாங்கும்,
எல்லாம் மனப்பாடம்.
எனக்கு மனப்பாடம் வராது.
டாக்டர் கிறுக்கலைப் படிக்கிற புத்திதான் இருக்கிறது:
கோடு எங்கே போய் முடியும் என்று
கோடு முடியுமுன் பார்ப்பது.

ஒரு ஞாயிறு ஸ்கூட்டரில்
செட்டிநாட்டுப் பழைய ஓடுபாதைக்குப் போனேன்.
வெடிப்பெல்லாம் புல்.
ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நின்றேன்.
குறுக்குக்காற்று. துப்பட்டா முழுக்கக் கிழக்கே போனது.
எத்தனை நாட் என்று தெரியாது,
ஆனால் எவ்வளவு முறுக்க வேண்டும் என்று
மணிக்கட்டுக்குத் தெரிந்துவிட்டது.
ஒரு வெள்ளாடு என்னைப் பார்த்துத் தும்மியது.

பன்னிரண்டாவது இரவு.
கீழே ஏதோ வெளிநாட்டு வயல், பச்சைப் பச்சையாய்.
நடுவில் சதுரமாய் வானத்தை வைத்துக் கட்டிய
வீடு ஒன்றுகூட இல்லாத தேசம்.
சூரியனிலிருந்து இறங்கினான், பாடப்புத்தகம் போல.
நான் ஓடவில்லை.
எஞ்சினை அடைத்து, மூக்கைத் தூக்கி,
வேகம் செத்து, இறக்கை நடுங்கி,
விழப்போகிற அந்த விளிம்பில்
ரப்பர் பேண்டை நம்பித் தொங்கினேன்.
என்னைத் தாண்டிப் போனான்.
அப்புறம் நாலு நிமிடம்
அவன் இடப்பக்கத்துப் பின்னால், கொஞ்சம் கீழே,
எங்கே திரும்பினாலும் அங்கேயே.
"எங்கடா இருக்க? எங்கடா?"
நாற்காலி கிரீச்சிடுவதுகூடக் கேட்டது.

சுட்டேன். பாராசூட் விரிந்தது.
அதையும் சுடலாம்,
நூறு சதவீதத்தில் அதற்குத் தடை ஏதுமில்லை.
என் விரல் விசைமேல் இருந்தது.
கொஞ்ச நேரம் இருந்தது என்பதையும் எழுதிவைக்கிறேன்.

கரண்ட் போனது.

காலையில் ஒருவர் கடைக்கு வந்தார்.
ஐம்பது வயதிருக்கும், வெள்ளைச் சட்டை.
தலையை அசைக்காமல்
உடம்பு மொத்தத்தையும் திருப்பித்தான் என்னைப் பார்த்தார்.
"கழுத்து பிடிச்சிருச்சும்மா. ஸ்ப்ரே ஏதாச்சும் குடு."
காதுக்குள் கேட்ட அதே குரல்
ஒன்றரை அடி தூரத்தில், இருமலோடு.
"இடப்பக்கம் பின்னாலயா சார்? கொஞ்சம் கீழ?"
"எப்பிடிம்மா தெரியும்?"

பில்லுக்குப் பெயர் கேட்டேன்.
தேனப்பன் என்றார். எழுதிக்கொண்டேன்.
நூற்றெழுபது. மீதி முப்பதை எண்ணிக் கொடுத்தேன்.
"ரெண்டு நாளைக்கு
ராத்திரியில திரும்பிப் பார்க்காதீங்க சார்."