பொருளுக்குக் கீழே

முதலில் மின்னஞ்சல் கேட்டது. பிறகு கடவுச்சொல்.
பாமணியாற்றின் பெயரை வைத்து
பின்னால் என் வண்டி எண்ணைச் சேர்த்தேன்.
'பலவீனமானது' என்றது திரை.
மே மாதத்துப் பாமணியைப்
பார்த்திருக்கும் போல.

மன்னார்குடி, பந்தலடி,
ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி.
புதிய திட்டம்: நீர்ச்சொல்.
மொழி: தமிழ்.
விளக்கம்: பிறகு எழுதலாம்.
பொத்தானை அழுத்தியதும்
வெள்ளைத் திடலில் ஒற்றைச் சொல் நின்றது,
பொருள்.
எல்லாம் இதற்குக் கீழேதான் வர வேண்டுமாம்.
அர்த்தமா, சாமானா, காசா
என்று அது சொல்லவில்லை.
மூன்றும்தான் என்று வைத்துக்கொண்டேன்.

அதன் கீழ் நீர்வழி.
நீர்வழிக்குக் கீழ் ஆறு, வாய்க்கால், கன்னி, வடிகால்.
கிளை பிரிக்க ஒரு சின்ன முக்கோணம்.
விரல் பட்டால் திறக்கிறது.
ஷட்டருக்குப் போடும் கிரீஸ் இதற்கு வேண்டாம்.
கோரையாற்றை வகை என்று போட்டேன், அழித்தேன்.
ஆறுதான் வகை,
கோரை அதில் ஓர் ஆள்.
இது விளங்க
இரண்டு டீ ஆனது.

பிறகு அழைப்புகள்.
நாகூர் ஹமீதா, உவர்மண் ஆய்வு: திருத்தலாம்.
தில்லைவளவன், உதவிப் பொறியாளர்: திருத்தலாம்.
ஜாம்புவானோடை மாசிலாமணி, லஸ்கர்,
இருபத்தாறு வருடம் மதகு ஏற்றி இறக்கியவர்:
என் கை தானாகப் போய்
'பார்க்கலாம்' மேல் நின்றது.

அரை மணியில் போன்.
"உள்ள வந்துட்டேம்மா. எல்லாந் தெரியுது.
தொட்டா மட்டும் ஒண்ணும் நடக்கல."
பார்க்கிற உரிமை கொடுத்திருக்கேன்ணே, என்றேன்.
கொஞ்ச நேரம் காற்று மட்டும் பேசியது.
"பாக்கலாம், தொடக் கூடாது.
சரிம்மா. எங்க தெருவுக்கு அது புதுசில்ல."

மாற்றும் பொத்தானைத்
தேட வேண்டியிருக்கவில்லை.
அது அங்கேயேதான் இருந்தது,
நான் அழுத்தியதற்குப் பக்கத்தில்.

தில்லைவளவன் ஒரு விதி எழுதியிருந்தார்:
பாசன வாய்க்கால் எதுவும் வடிகால் ஆகாது,
வடிகால் எதுவும் பாசனம் ஆகாது.
சரிபார்க்கச் சொன்னோம். பச்சை.
மாசிலாமணி ஒற்றை விரலால்
ஒரு வாய்க்காலைச் சேர்த்தார்,
இரண்டு வகையிலும்.
மரம் முழுக்கச் சிவப்பு. 'முரண்' என்றது.

வரைபடத்தில் அது வடிகால்தான் என்றார் பொறியாளர்.
"மேலூருக்கு வடிகாலு சார்.
அவன் கழிச்சு விடுற தண்ணியிலதான்
எங்க ஒம்பது வேலி நிக்குது."
யாரும் எதுவும் எழுதவில்லை.
நாலு பன்னிரண்டுக்கு
மாற்ற வரலாற்றில் ஒரு வரி:
ஹமீதா, விதி நீக்கம்.
சிவப்பு வடிந்தது.
எங்கே பாய்ந்தது என்று தெரியவில்லை.

பொழுது சாய்கையில் அறுபத்தொரு சொற்கள்.
ஒன்றுக்கு மட்டும் இடம் அமையவில்லை: முறை.
'இன்னிக்கு யாரு முறை' என்கிறோமே, அது.
தண்ணீருக்குக் கீழ் இழுத்துப் போட்டேன்.
நேரத்துக்குக் கீழ் போட்டுப் பார்த்தேன்.
ஹமீதா 'சண்டை' என்றொரு வகை உண்டாக்கி
அதன் கீழ் கொண்டுபோனாள்.
தில்லைவளவன் சண்டையை அழித்தார்.
சாப்பிட்டு வந்து பார்த்தால்
சண்டை மறுபடி இருந்தது.

ஒன்பதரை. கீழே கடை ஷட்டர் இறங்கும் சத்தம்.
முறை இன்னும்
பொருளுக்கு நேர் கீழே, தனியாக.
பெயர்ப் பட்டியலில் ஒரே ஒரு பச்சைப் புள்ளி,
மாசிலாமணி.
விளக்கக் கட்டத்தில் எழுத்து வருகிறது:
ராத்திரி ரெண்டு மணிக்கு மம்பட்டியோட
நிற்கிறது.
ஒவ்வொன்றாக அழிகிறது.
மறுபடி:
ராத்திரி