இருபத்திரண்டு கட்டை

கினிகத்தேனைச் சோதனைச் சாவடி.
விடிய இன்னும் நேரமிருக்கிறது.

பர்மிட்டில் டர்பன்டைன், இருபத்திரண்டு கட்டை.
லொறியிலும் இருபத்திரண்டு.
சுத்தியல் முத்திரை சரி. கையொப்பம் சரி.
தோட்டத்தின் பெயரில்
ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை,
அதுதான் உறுத்தியது.

மழை பிடித்துக்கொண்டது.
தார்ப்பாய் ஓரம் சொட்டிய தண்ணீர்
மஞ்சள்.
பிக்குமாரின் சீவரத்துக்குக் காய்ச்சுகிற
அதே மஞ்சள்.

"ஏத்துனது மட்டுந்தான் நானு, மிஸ்"
என்கிறான் புஸ்பராஜ்.
அவன் சாரத்திலும் அந்த நிறம்.

மேல்வரிசையை உருட்டச் சொன்னேன்.
ஒன்பதாவது கட்டையில் நகம் பதித்தேன்.
வெட்டி இரண்டு நாள் இராது,
பால் கசிந்தது.

போன் அடிக்கிறது.
அலுவலகம் திறக்காத நேரத்தில்
அலுவலக இலக்கம்.

பலாப்பால்
எண்ணெய் தடவினால் கழன்றுவிடும்.
தடவவில்லை.

ஒட்டிய விரலாலேயே
அழைப்பைத் துண்டித்துவிட்டுப்
பதிவேட்டில் எழுதினேன்:
பலா.
பேனா கையை விட்டு வரவில்லை.